மூன்றாம் கவுண்டரிலிருந்து வந்த தேடல்

அந்த மருத்துவமனையின் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் நங்கூரம் என்றுதான் கூப்பிட்டார்கள். காலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் அசைய மாட்டார் என்று ஒரு நர்ஸ் கேலியாக வைத்த பேர், ஒட்டிக்கொண்டுவிட்டது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சர்வர் அறைக் குளிருக்காகக் கொளுத்தும் வெயிலிலும் ஸ்வெட்டரோடு வருவார். நோயாளிகளின் பேர், ரத்தப் பரிசோதனை முடிவு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்கிற விவரம் எல்லாம் அந்த அறையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சர்வரில்தான். கீழே கவுண்டரில் பேரைத் தட்டினால் அது தேடி எடுத்துக் கொடுக்கும்.

அவருடைய நாத்தனாரும் அங்கேதான் வேலை பார்த்தாள், மூன்றாம் கவுண்டரில். கணவரின் தங்கை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, இவர்களோடு ஒரே வீட்டில் இருந்தாள். காலையில் அண்ணியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவாள்.

ஒரு திங்கட்கிழமை, கூட்டம் நெரிகிற நேரத்தில் சர்வர் விழுந்தது. மின்விசிறிகள் திடீரென்று அலறின, நினைவகம் கழுத்துவரை நிரம்பியது, எல்லாம் நின்றுபோனது. நங்கூரம் மறுபடி கிளப்பிவிட்டார். அந்த வாரமே இன்னொரு தடவை விழுந்தது. அடுத்த வாரமும். ஒவ்வொரு தடவையும் கீழே வரிசையில் நின்றவர்கள் கவுண்டர்காரர்களைப் பிடித்துத் திட்டினார்கள்.

வெளியிலிருந்து யாரோ ஆயிரக்கணக்கில் போலிக் கோரிக்கைகளை அனுப்பி சர்வரை மூச்சுத் திணற அடிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் சர்வருக்கு வரும் கோரிக்கைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் எப்போதும் போலத்தான் இருந்தது. கூட்டமே இல்லாத கடையில் தள்ளுமுள்ளு எப்படி வரும்? அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அப்போதுதான் சர்வர் மென்பொருளைச் செய்த நிறுவனத்தின் அறிவிப்பு கண்ணில் பட்டது. புதிய பதிப்பில் ஒரு பலவீனம் இருக்கிறதாம். குறிப்பிட்ட விதமான ஒரு தேடலை அனுப்பினால் சர்வர் இருக்கிற நினைவகத்தையெல்லாம் விழுங்கிவிட்டு விழுந்துவிடும். "தாக்குபவருக்குச் சாதாரணப் பயனர் அனுமதியே போதும்" என்று எழுதியிருந்தது. திருத்தமும் வெளியிட்டிருந்தார்கள். அதைப் போடவேண்டுமானால் சர்வரை நிறுத்தவேண்டும்.

கணினிப் பிரிவின் தலைவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"சர்வர நிறுத்தினா ஆஸ்பத்திரியே நிக்கும்மா. தாக்குறவன்னு போட்டிருக்குல்ல? முதல்ல அது யாருன்னு கண்டுபிடிங்க."

அந்தச் சொல் நங்கூரத்தின் மனதிலும் முள்ளாகத் தைத்திருந்தது. உள்ளே அனுமதி உள்ள ஒருவர், வேண்டுமென்றே. யார்? நூறு பேருக்கு மேல் அனுமதி இருக்கிறது. வருகிற தேடல்களையெல்லாம் பதிவு செய்ய வைத்துவிட்டுக் காத்திருந்தார். சர்வர் அடுத்த முறை விழுந்ததும் பதிவின் கடைசி வரியைப் பார்த்தார். மூன்றாம் கவுண்டர். நாத்தனாரின் பயனர் பேர்.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவளா? எதற்கு? போன மாதம் ஃபிரிட்ஜ் வாங்குவது பற்றி ஒரு வாக்குவாதம் வந்தது. அதற்காக யாராவது ஒரு மருத்துவமனையையே கவிழ்ப்பார்களா? திரையை மூடலாமா, அவளைக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தலைவர் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"இருங்க சார், நான் வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்."

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று அவர் போனை எடுத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் நாத்தனாரைக் கவுண்டரிலிருந்து தூக்கி மருந்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள்.

அன்று அவள் ஸ்கூட்டருக்குக் காத்திருக்கவில்லை. பஸ்ஸில் போய்விட்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தாள்.

"நான் தாக்குனேனா அண்ணி? எதால தாக்குனேன், கீபோர்டாலயா? நான் ஒண்ணும் பண்ணல. பேரைத்தான் தேடினேன்."

"நான் அப்படிச் சொல்லல. உன் பேர் அதுல இருந்துச்சு, அவ்வளவுதான்."

"என் பேர் இருந்தா என்கிட்ட கேக்கணும். ஊரக் கூட்டித் தண்டோரா போடுவாங்களா?"

அறைக் கதவு அறைந்து சாத்தப்பட்டது. கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எதிரே வரும் லாரிக்குக்கூடக் கலங்காத மனிதர், அன்று மனைவி பக்கம் பேசுவதா தங்கை பக்கம் பேசுவதா என்று தெரியாமல் துணி மடிக்க உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் முற்பகலில் சர்வர் மறுபடி விழுந்தது. நாத்தனார் கிடங்கில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை கடைசி வரியில் இருந்தது ஐந்தாம் கவுண்டர். அதற்கடுத்து விழுந்தபோது, நோயாளிகள் வீட்டிலிருந்தே நேரம் குறித்துக்கொள்ளும் இணையப் பக்கம். அதன் வழியாகத் தேடியது, யாருடையது என்றே தெரியாத ஒரு வெளிக் கணினியின் முகவரி. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக இருந்தது. எத்தனை பேர்தான் தாக்குகிறார்கள்? எல்லோரும் கூட்டாளிகளா?

அந்த வரிகளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றிலும் நீளமான பேர்கள், எழுத்துக்கு எழுத்து நடுவே நட்சத்திரக் குறி. கடைசியில் நங்கூரம் அசைந்தது. எழுந்து கிடங்குக்குப் போனார்.

நாத்தனார் ஏணிமேல் நின்று பஞ்சுப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"பேருக்கு நடுவுல ஸ்டார் எதுக்குடி போடற?"

அவள் ஏணிமேல் இருந்தபடியே சொன்னாள். "ஒரே ஆளோட பேரு கார்டுல ஒரு மாதிரி, டாக்டர் சீட்டுல ஒரு மாதிரி. எந்த எழுத்து மாறியிருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஸ்டார் போட்டா எப்படி எழுதியிருந்தாலும் வந்து விழும். ஜனங்களும் திட்டாம போவாங்க. எல்லா கவுண்டருக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வரிசையில நின்னு கேட்டவங்களுக்கெல்லாம்கூடச் சொன்னேன். தப்பா?"

"எவ்வளவு நாளா இப்படித் தேடற?"

"ரெண்டு வருஷமா. அப்பல்லாம் விழலையே?"

விழவில்லைதான். அப்போது இருந்தது பழைய பதிப்பு. புதியதுக்கு மாறியே இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நங்கூரம் திரும்பிப் போய், யாரும் பயன்படுத்தாத மாற்றுச் சர்வரில் அதே பதிப்பைப் போட்டு, ஒரு சின்னப் பேரை நட்சத்திரங்களோடு தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி குழம்பினார். நீளமான பேர் ஒன்றைத் தட்டினார். மின்விசிறிகள் அலறின.

தலைவரை அழைத்துவந்து அதன் முன்னால் உட்கார வைத்தார். "உங்க முழுப் பேரையும் அடிங்க சார். அப்பா பேரோட. நடுநடுவுல ஸ்டார்."

அவர் அடித்தார். சர்வர் விழுந்தது. சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

"நான் ஒண்ணும் பண்ணலையேம்மா!"

"அவளும் அதத்தான் சார் சொன்னா."

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "சரி. ஆனா நிறுத்தினா வேலை கெட்டுப்போகுமே?"

"நாம நிறுத்தினா சொல்லிட்டு நிறுத்தலாம் சார். அதுவா விழுந்தா சொல்லாம விழும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம், கூட்டம் குறைவான நேரம் பார்த்து, எல்லாப் பிரிவுக்கும் முன்கூட்டியே சொல்லி நிறுத்தினார்கள். கவுண்டரில் காகிதத்தில் எழுதினார்கள். நங்கூரம் திருத்தத்தைப் போட்டார். அதோடு விடவில்லை. எந்தத் தேடலும் சில நொடிகளுக்கு மேல் ஓடினால் தானாக அறுந்துபோக வேண்டும் என்று எல்லை வைத்தார். யாராலும் ஒரு அளவுக்குமேல் நினைவகத்தை எடுக்க முடியாதபடி கட்டினார். இணையப் பக்கத்துக்குத் தனிப் பயனரை உருவாக்கி, அதற்கான அனுமதிகளைச் சுருக்கினார். பேர்களை உச்சரிப்பை வைத்துத் தேடும் வசதியைக் கவுண்டர்களுக்குப் போட்டுக் கொடுத்தார். இனி நட்சத்திரம் தேவையில்லை.

அதற்குப் பிறகு சர்வர் விழவில்லை. ஆனால் அவர் மனம் தெளியவும் இல்லை. அந்த வெளி முகவரியிலிருந்து அதே போன்ற ஒரு தேடல் இன்னொரு தடவை வந்து, எல்லையில் முட்டி அறுந்துபோனது. நாத்தனாரிடம் நட்சத்திரத் தந்திரம் கேட்டுக்கொண்டுபோன நோயாளியின் மகன் யாராவது வீட்டிலிருந்து அம்மாவின் விவரத்தைத் தேடுகிறானா, அல்லது அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு எவனோ நிஜமாகவே கவிழ்க்கப் பார்க்கிறானா? பதிவில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் அந்த முகவரியைத் தடுக்கப்போய், கையை எடுத்து, மறுபடி போய், கடைசியில் அப்படியே விட்டுவிட்டார். சர்வர்தான் தாங்குகிறதே.

தலைவர் நாத்தனாரைக் கவுண்டருக்குத் திரும்பக் கூப்பிட்டார். வருத்தமும் தெரிவித்தார். அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள்.

"கோபமா?" என்று வீட்டில் கேட்டார் நங்கூரம். "தப்பு என்மேலதான். உன்கிட்ட கேட்டிருக்கணும்."

"கோபமெல்லாம் இல்ல அண்ணி. கிடங்குல யாரும் திட்டறதில்ல. நிம்மதியா இருக்கு."

கோபம் இல்லை என்கிறாளா, இருக்கிறது என்கிறாளா? கணவரிடம் கேட்டார். "எனக்கென்ன தெரியும், உங்க ரெண்டு பேருக்கும்தான் ஒரே ஆபீஸ்" என்று அவர் நழுவிவிட்டார். ஒரு வாரம் கழித்து, காப்பி டம்ளரை மேஜைமேல் கொஞ்சம் சத்தமாகவே வைத்துவிட்டு நாத்தனார் சொன்னாள்:

"கிடங்குல மருந்து தேடினா ரொம்ப மெதுவா வருது. நாளைக்கு வந்து என்னன்னு பாருங்க. ஆனா முதல்ல என்கிட்ட கேளுங்க."

நங்கூரம் சரி என்று தலையாட்டினார். டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, இது சமாதானமா சண்டையா என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.