பதினாலு ஐன்ஸ்டெலுங்

எங்கள் வீட்டு இருக்கையறைச் சுவரில், சாமிப்படங்களுக்கும் தொலைக்காட்சிக்கும் இடையில், பதினான்கு தாள்களை ஒட்டியிருந்தேன். ஒவ்வொரு தாளையும் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருந்தேன். இடப்பக்கம், யாரோ எப்போதோ எடுத்த பாட்டு வீடியோ ஒன்றை நிறுத்திப் பிடித்த படம். வலப்பக்கம், அதைப் பார்த்து நான் பென்சிலால் வரைந்தது. மேலே தடித்த எழுத்தில் ஒரு ஜெர்மன் சொல்லும் எண்ணும். ஐன்ஸ்டெலுங் ஒன்று, ஐன்ஸ்டெலுங் இரண்டு என்று பதினான்கு வரை.

படம் எடுப்பவர்களுக்கு ஐன்ஸ்டெலுங் என்றால் ஷொட். கமரா ஓடத் தொடங்கி நிற்கும்வரை பதிவாகிற ஒரு துண்டு. ஆனால் நாங்கள் இருக்கிற சுவிஸ் ஊரான ஓல்டனில் உழைத்துச் சாப்பிடுகிற எவரையும் கேட்டால் வேறு அர்த்தம் சொல்வார்கள். ஒருவரை வேலைக்கு எடுப்பதற்கும் அதே சொல்தான்.

நான் லுசேர்ணில் வீடியோ படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் படிப்பை முழுதாக முடிக்கப்போகிற முதல் ஆள். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர், அம்மா அதற்கும் முன்னாலேயே. "வீடியோவில படிக்க என்ன கிடக்கு?" என்று சொந்தக்காரர் கேட்டால் அப்பா, "அது கொம்பியூட்டர் மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

அந்தத் தவணையில் ஆளுக்கொரு பாட்டு வீடியோ செய்யவேண்டும். எங்கள் ஆசிரியைக்கு ஒரு முறை இருந்தது. ஒன்றுமில்லாத வெறுமையிலிருந்து யாரும் தொடங்குவதில்லை, ஆகவே பிடித்த வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், எடுத்ததை ஒளிக்காமல் இடப்பக்கம் ஒட்டுங்கள், பிறகு வலப்பக்கம் உங்களுடையதை வரையுங்கள் என்றார். எனக்கு இடப்பக்கம் ஒரே நாளில் நிரம்பிவிட்டது. நீளமான தாழ்வாரத்தில் ஓடும் பெண், மழையில் நனையும் கார்க் கண்ணாடி, எங்கள் பனிமலையில் மெல்லிய சேலையோடு குளிரை மறைத்துச் சிரிக்கும் தமிழ்ப்படக் கதாநாயகி. வலப்பக்கம்தான் வரவில்லை. எதை வரைந்தாலும் இடப்பக்கத்தின் மோசமான நகலாகவே வந்தது.

பாட்டு என் நண்பனுடையது. லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கட்டிய பாட்டு. வேலை முடிந்து ரயிலுக்குக் காத்திருக்கிற ஒருவனைப் பற்றியது. அவன் ஒருநாள் வீட்டுக்கு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பதினான்கு தாள்களையும் பார்த்தான்.

"மச்சான், எல்லாம் வடிவாத்தான் இருக்கு. உதுக்குள்ள என்ர பாட்டு எங்க கிடக்கு?"

"அது எடுக்கேக்க வரும்."

"எடுக்கேக்க வருமோ? அவளை எங்க பிடிப்பாய்? மலையில சேலையோட நிக்கிறவளை? என்ர பாட்டில ஒரு மனுசன் ஓல்டன் ரயிலுக்கு நிக்கிறான், அவ்வளவுதான்."

அவன் சொன்னது சரி. பதினான்கில் ஒன்றை மட்டும்தான் நான் உள்ளுக்குள் நம்பினேன். ஒன்பதாவது. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாடகரின் வீடியோவிலிருந்து எடுத்தது. கூட்டமான ஒரு நிலையத்தில் நெட்டையான மனிதன் ஒருவன் கோட்டுப் பைகளுக்குள் கைகளை விட்டபடி அசையாமல் நிற்கிறான். சுற்றிப் போகிறவர்கள் எல்லாம் புகைக்கோடுகளாகக் கலைந்து போகிறார்கள். அவன் மட்டும் தெளிவாக இருக்கிறான். அதை ஓல்டன் நிலையத்துக்குக் கொண்டுவந்தால் பாட்டு அதற்குள் வந்துவிடும் என்று நினைத்தேன்.

அப்பா காலை வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு அந்தச் சுவர் முன்னால் போய் நிற்பது வழக்கமானது. படங்களைப் பார்க்கிறார் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். எதைப் படித்தார் என்பது சூரிச்சில்தான் தெரியவந்தது. லாங்ஸ்ட்ராஸ பக்கம் நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் தமிழ்க்கடைக்குப் போயிருந்தேன். கடைக்கார அண்ணை நான் எடுத்து வைத்த முருங்கைக்காயை நிறுக்காமலே சிரித்தார்.

"தம்பி, உம்மட அப்பா சொன்னவர். பதினாலு இடத்தில வேலைக்குக் கேட்டிருக்கினமாம். எதை எடுக்கப்போறீர்?"

"என்னண்ணை?"

"மறைக்காதையும். சுவரில ஒட்டி வச்சு யோசிக்கிறீராம். இஞ்ச ஒரு இடம் கிடைக்கவே நாக்குத் தள்ளுது, உமக்குப் பதினாலு!" பிறகு குரலைத் தாழ்த்தி, "லட்டு வாங்கிக்கொண்டு போனவர். வேலை இடத்தில குடுக்கவாம்" என்றார்.

ஓல்டனுக்குத் திரும்பும் ரயிலில்தான் எனக்கு விளங்கியது: அப்பா பார்த்தது படங்களை இல்லை, மேலே இருந்த சொல்லை. ஐன்ஸ்டெலுங் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் முதலில் வந்தது அப்பா வேலை செய்த சாமான் கிடங்கைப் பூட்டியபோது. அதன் பிறகு அவர் வேலையில்லாமல் இருந்த காலம் முழுவதும், வெளியே போய் வரும்போதெல்லாம் அம்மா கதவைத் திறந்தபடி கேட்கும் கேள்வி அதுதான். "ஐன்ஸ்டெலுங் ஏதும்?" வருவேன் என்று சொல்லிவிட்டு வராத விருந்தாளியைப் பற்றிக் கேட்பதுபோல இருக்கும். கடைசியில் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை கிடைத்தபோது அப்பா வாசலில் நின்று சொன்னதும் அந்த ஒற்றைச் சொல்லைத்தான். இப்போது அது பதினான்கு முறை எங்கள் சுவரில் இருந்தது, அதுவும் மகனின் கையெழுத்தில்.

வீட்டுக்குப் போனதும் மடிக்கணினியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அந்த நெட்டை மனிதனின் வீடியோவை ஓடவிட்டு நிறுத்தினேன்.

"அப்பா, இஞ்ச பாருங்கோ. இதுதான் ஒரு ஐன்ஸ்டெலுங்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இவருக்கும் அங்கதானோ கிடைச்சது?"

"எங்க?"

"ரயில்வேயில."

"இல்லையப்பா, இவர் நடிக்கிறார். இது ஷொட். கமரா ஒருக்கா ஓடி நிண்டா ஒரு ஷொட். அதை ஜெர்மன்ல..."

"ஓமோம், விளங்குது. நிக்கிறதுதான் வேலை. நிக்கிறது லேசில்லைத் தம்பி. கிடங்கில நான் நாள் முழுக்க நிண்டனான்."

நான் மடிக்கணினியை மூடினேன். அவருக்குத் தெரிந்தது வேலையிடத்து ஜெர்மன். எனக்குப் பேச வருவது சாப்பாட்டு மேசைத் தமிழ். நான் படிக்கிறதைச் சொல்லுகிற சொல் இரண்டு பக்கத்திலும் இல்லை. அம்மா என்னைக் குசினிக்குக் கூப்பிட்டு, தண்ணீர்க்குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு மெல்லச் சொன்னார்: "விடு. கிடங்கு பூட்டினாப் பிறகு அவர் ஆக்களோட இப்பிடிச் சிரிச்சுக் கதைச்சு நான் காணேல்லை. படமெடுத்து முடிஞ்சாப் பிறகு சொல்லு."

நண்பனுக்கு விடுமுறை கிடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அசையாமல் நிற்க ஒத்துக்கொண்டிருந்தவர் அவனோடு குசினியில் வேலை செய்கிற ஒருவர். அதற்கு முதல்நாள் அவருடைய வேலை நேரத்தை மாற்றிவிட்டார்கள். நான் தொலைபேசியில் ஆள் தேடிக்கொண்டிருந்தேன். சோபாவிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ஆள் வேணுமெண்டா நான் நிக்கிறன்."

"உங்களுக்கு வேலையெல்லோ அப்பா?"

"லீவு கேட்டுப் பாக்கிறன். பிள்ளையின்ர ஐன்ஸ்டெலுங் எண்டா தருவினம்."

தந்தார்கள்.

காலை நெரிசலுக்கு முன்பே நிலையத்தின் சுரங்கப்பாதைக்குப் போய்விட்டோம். அப்பா கல்யாணங்களுக்குப் போடுகிற கோட்சூட்டில் வந்திருந்தார்.

"அங்கிள், மாப்பிள்ளைத் தோழன் மாதிரி வந்திருக்கிறியள்," என்றான் நண்பன்.

"பிள்ளையின்ர வேலையிடம். கண்டபடி வரேலுமோ?"

நண்பன் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தான். பேசாதே என்று கண்ணைக் காட்டினேன்.

செய்யவேண்டியது சின்ன வேலைதான். கமராவின் கண்ணைக் கொஞ்சம் அதிக நேரம் திறந்து வைத்தால் நடப்பவர்கள் கோடாகக் கலைவார்கள், நிற்பவர் மட்டும் தெளிவாக விழுவார். அப்பாவை நடுவில் நிறுத்தினேன். கைகளைப் பைக்குள் விடச் சொன்னேன்.

"ஒருத்தருக்கும் விலகாதேங்கோ. அவை உங்களைச் சுத்திப் போவினம்."

"ஓம்."

மேடைகளில் ரயில்கள் வந்து நின்றன. படிகளில் கூட்டம் இறங்கியது. முதல் ஆள் நெருங்கும்போதே அப்பா ஒரு அடி விலகினார். அடுத்தவருக்கு மறுபக்கம் விலகினார். ஒவ்வொருவரிடமும் மெல்லிய குரலில் மன்னிப்பும் கேட்டார்.

"அப்பா, விலகக் கூடாது!"

"ஓமோம், தெரியும்."

திரும்ப எடுத்தோம். இந்தமுறை ஒரு மூதாட்டி கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அப்பா பைகளிலிருந்து கையை எடுத்து அவருக்கு வழிசெய்து கொடுத்தார். அதற்கடுத்த முறை நன்றாக நின்றார். பிறகு யாரோ போட்டுவிட்டுப் போன காகிதக் கோப்பையைக் கண்டு குனிந்து எடுத்தார். எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். காலை நெரிசல் முழுவதும் அப்படித்தான் போயிற்று. நான் கத்தினேன், கெஞ்சினேன், தரையில் வெள்ளை ஒட்டுநாடாவால் இரண்டு பாதங்களுக்கும் அடையாளம் போட்டேன். அவர் தலையாட்டிவிட்டு அதில் ஏறி நிற்பார். ஆள் வந்ததும் இறங்கிவிடுவார். மனம் கேட்டாலும் அவருடைய கால் கேட்கவில்லை.

நண்பன் கமராவின் திரையில் எடுத்ததையெல்லாம் ஓடவிட்டான்.

"மச்சான், அங்கிளைக் காணேல்லை."

உண்மைதான். எல்லோரையும் போல அப்பாவும் ஒரு கோடாகக் கலைந்திருந்தார். தெளிவாக விழுந்திருந்தது அவருக்குப் பின்னால் இருந்த குப்பைத்தொட்டி மட்டும்தான்.

கூட்டம் குறைந்ததும் மூன்று பேரும் மேடைக்கு ஏறினோம். அப்பாவை அங்கிருந்த இருக்கையில் இருத்தி, அம்மா போட்டுத் தந்த தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தேன். அப்பா குடிக்கவில்லை.

"இவ்வளவும் காணுமோ தம்பி, இன்னும் நிக்கவேணுமோ?"

"பாப்பம் அப்பா."

"பாப்பம் எண்டாக் காணாது எண்டுதானே. உன்ர முதலாளி என்ன சொல்லுவார்? நான் ஒழுங்கா நிக்காமல் உன்ர இடம் போயிடக் கூடாது. வேணுமெண்டா நாளைக்கும் லீவு கேக்கிறன்."

படம் முடியட்டும் என்று அம்மா சொல்லியிருந்தார். ஆனால் இதைக் கேட்டபிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"அப்பா, முதலாளி எண்டு ஒருத்தரும் இல்லை. அது பள்ளிக்கூடத்து வேலை. ஐன்ஸ்டெலுங் எண்டு நான் எழுதினது வேலைக்கு எடுக்கிறதை இல்லை. படத்தில ஒரு துண்டு. அதுக்கும் அதே சொல்லுத்தான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நண்பனைப் பார்த்தார். நண்பன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பதினாலு இருந்துதே," என்றார்.

"பதினாலும் அதுதான் அப்பா."

"ஒண்டுகூட வேலைக்கு இல்லையோ?"

"இல்லை."

அவர் எழுந்து நாலடி தள்ளிப் போய் நின்றார். தேத்தண்ணிக் கோப்பை கையில் இருந்தது. அப்போது பேர்ண் பக்கமிருந்து ஒரு ரயில் வந்து கதவுகள் திறந்தன. அதிலிருந்து இறங்கியவர்கள் அவரை நோக்கி வந்தார்கள். அவர் விலகவில்லை. ஒருவர் தோளில் இடித்துவிட்டுப் போனார். அப்போதும் விலகவில்லை. கூட்டம் அவருக்கு இரண்டு பக்கமும் பிரிந்து போனது.

நண்பன் கமராப் பையின் ஜிப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். எடுக்கட்டோ என்று கண்ணாலேயே கேட்டான். ஓம் என்று சொல்லவும் என்னால் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவுகள் மூடின. அப்பா திரும்பி வந்து என் சட்டைக் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார். "வழியில நிக்காதை. ஆக்கள் வருகினம்."

தவணை முடிவில், ஒன்பதாவது ஷொட்டுக்கு வேறொன்றும் இல்லாததால், அப்பா கலைந்து போகிற துண்டையே சேர்த்துக் கொடுத்தேன். இது எந்த வீடியோவிலிருந்து எடுத்தது என்று ஆசிரியை கேட்டார். சுவரிலிருந்த மற்றப் பதின்மூன்று தாள்களுக்கும் எனக்குப் பதில் இருந்தது. இதற்கு, இடப்பக்கம் நான் ஒட்டிய படத்துக்கும் இதற்கும் ஒட்டு உறவே இல்லை என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவர் ஏதோ குறித்துக்கொண்டார். நல்லதாகவா கெட்டதாகவா என்று எனக்குத் தெரியாது.

வீட்டில் தாள்களைக் கழற்றத் தொடங்கினேன். முதல் தாளின் மூலையை உரிக்கும்போதே அப்பா குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்தார்.

"கிடக்கட்டும்."

"ஏனப்பா? முடிஞ்சுதெல்லோ."

"ஞாயிற்றுக்கிழமை கடையால அரிசி கொண்டு வருவினம். சுவர் வெறுமனே கிடந்தா என்ன சொல்லுறது?"

ஞாயிற்றுக்கிழமை கடைக்கார அண்ணை அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்தார். மூட்டையை இறக்கிவிட்டு, மூச்சு வாங்கியபடி சுவர்ப் பக்கம் போனார். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"உண்மையாப் பதினாலுதான்! எதைத் தம்பி எடுத்தனீர்?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. தேத்தண்ணியில் சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னும் யோசிக்கிறான் பிள்ளை," என்றார்.

"ஆறுதலா யோசியும். அவசரப்படாதையும்," என்றார் அண்ணை.

நான் தலையாட்டினேன்.