எரியாத பாய்லருக்கும் எண்ணெய்ச் செலவு

அந்த லாண்டரியில் அவளை 'இல்லையக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். புதுக் கையுறை கேட்டால் இல்லை, முன்பணம் கேட்டால் இல்லை, டீக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டாலும் இல்லை. கணக்கு அறையில் உட்கார்ந்து வருஷக் கணக்காக இதே பாட்டைப் பாடுகிறவளுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? கருமி என்று நினைத்துவிடாதீர்கள். அவள் அப்பா எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நம்பியே கடை வைத்து, கடைசியில் குடியிருந்த வீட்டையும் விட்டவர். அதைக் கூடவே இருந்து பார்த்தவள், எதிலும் மோசமானதை முதலில் எண்ணிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

ஒருநாள் முதலாளி அவள் தலையில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பெரிய ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் ஒப்பந்தம் இந்தத் தடவை கிடைக்குமா என்று தெரியவில்லையாம். அதை நம்பித்தான் இரண்டாவது ஷிப்ட் ஓடுகிறது.

"ஆளுங்களுக்கு இப்பவே ஒரு வருஷத்துக்கு வாக்குக் கொடுத்தாகணும். ஷிப்டை வெச்சுக்கலாமா, மூடிடலாமா? நீயே கணக்குப் போட்டுச் சொல்லும்மா. நீ சொல்றதுதான் முடிவு."

நல்ல ஆளிடம் கேட்டார், போங்கள்! அந்த ஷிப்டில் இஸ்திரி மெஷினில் நிற்கிறவள் அவளுடைய கூடப்பிறந்த தங்கை. இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். தங்கை மகளின் காலேஜ் படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் நடக்கிறது.

இல்லையக்கா ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து மூன்று பத்தி போட்டாள். ஒப்பந்தம் முழுசாகக் கிடைக்க நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பு, வருஷ லாபம் எட்டு லட்சம். பாதி கிடைக்க முப்பது, நஷ்டம் ஆறு. அடியோடு போக இருபது, நஷ்டம் பதினைந்து. ஒவ்வொன்றையும் அதன் வாய்ப்பால் பெருக்கி, மூன்றையும் சேர்த்தாள். எண்பதாயிரம் நஷ்டம் என்று வந்தது.

"என்னக்கா வந்துச்சு?" என்று வீட்டில் தங்கை கேட்டாள்.

"நஷ்டம்தான்."

"சொந்தத் தங்கச்சி வயித்துல அடிக்கிறோம்னு உனக்குக் கொஞ்சம்கூட இல்லையா?"

சோற்றுத் தட்டு ணங்கென்று முன்னால் வந்து விழுந்தது. இல்லையக்கா பாதிச் சோற்றோடு எழுந்து மறுபடி கணக்கைப் பார்த்தாள். ஆனால் தொகையை மாற்றக் கை வரவில்லை.

மறுநாள் கணக்கை முதலாளியிடம் கொடுக்கும் முன், ஸ்ப்ரெட்ஷீட்டோடு அவர் புதிதாக வாங்கிப் போட்டிருந்த, கணக்கைச் சரிபார்க்கும் தானியங்கிக் கருவியை ஓட்டினாள். கொடுத்த காசுக்காவது வேலை செய்யட்டும் என்ற எரிச்சல்தான். மூன்று பத்தியையும் ஒப்பிட்டுவிட்டு அது ஒரு கேள்வி எழுதியது: 'மூன்று நிலையிலும் எண்ணெய்ச் செலவு ஒரே தொகையாக உள்ளது. துணி குறைந்தால் இது குறையாதா?'

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் நீராவிக்காக எண்ணெய் ஊற்றி எரிக்கும் அந்த பாய்லர் அணைந்து பார்த்ததே இல்லை. வாடகையைப் போல எண்ணெயும் எப்போதும் இருக்கும் என்று அவள் கை தானாகவே எழுதியிருந்தது. அறையை விட்டு நேரே பாய்லர்காரரிடம் ஓடினாள்.

"என்னக்கா நீங்க! துணியே வராட்டி நான் யாருக்கு நீராவி விடறது?" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆனா ஒண்ணு. பாதித் துணின்னா பாதி எண்ணெய்ல முடியாது. கொஞ்சம் கூடத்தான் குடிக்கும்."

அவர் சொன்னபடியே திருத்தினாள். ஆறு லட்ச நஷ்டம் இரண்டாகவும், பதினைந்து லட்சம் ஏழாகவும் இறங்கின. மொத்தத்தில் இரண்டு லட்சம் லாபம்!

வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. அப்புறம்தான் பயம் பிடித்துக்கொண்டது. தங்கைக்காகத்தான் இந்தத் தப்பு நம் கண்ணில் பட்டதோ? திருத்தினால் நமக்கு எதிராகப் போகும் தப்பும் இருந்தால்? அப்பாவும் இப்படித்தானே சந்தோஷப்பட்டிருப்பார்! கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மறுபடி தேடினாள். இருந்தது. முழு ஒப்பந்தமும் கிடைத்தால் பழைய மெஷின்கள் இடைவிடாமல் ஓட வேண்டும். அதற்கு ரிப்பேர் செலவே போடவில்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு அந்தப் பத்தியில் இரண்டு லட்சத்தைக் கழித்தாள். கருவி மறுபடி ஒப்பிட்டது. ஒரு லட்சம் லாபம் மிஞ்சி நின்றது.

முதலாளியிடம் இரண்டு தப்பையும் மறைக்காமல் சொன்னாள். "இதுல என் தங்கச்சி வேலையும் இருக்கு. நீங்களும் ஒரு தடவை பாத்துடுங்க."

அவர் பாய்லர்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார், ரிப்பேர் பில்களைப் புரட்டினார். "நீயே லாபம்னு சொல்றேன்னா, சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுதோ! சரி, ஷிப்ட் ஓடட்டும்."

இல்லையக்கா இஸ்திரி மெஷினுக்குப் போனாள். "ஒரு வருஷத்துக்கு ஷிப்ட் உண்டு. அது முடிஞ்சதும் மறுபடி கணக்குப் போடுவேன், சொல்லிட்டேன்."

தங்கை அவளையே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "போடு. ஆனா எரியாத பாய்லருக்கு எண்ணெய் ஊத்தாமப் போடு."

"அதுக்குள்ள அந்த பாய்லர் மனுஷன் ஊரெல்லாம் சொல்லியாச்சா?"

சுற்றி நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். தங்கை சூட்டில் ஓட்டை விழுந்த கையுறையைக் கழற்றி நீட்டினாள். "எப்படியும் இல்லைன்னுதான் சொல்லப்போறே. இருந்தாலும் கேக்கறேன். புதுசு கிடைக்குமா?"

பழக்க தோஷத்தில் வாய் திறந்தது. தங்கையின் சிவந்த விரல்களைப் பார்த்ததும் அவள் அந்த 'இல்லை'யை விழுங்கினாள்.

"மொத்தம் எத்தனை ஜோடி வேணும்?" என்று கேட்டாள்.