புதனுக்குப் போகும் கலமும் பண்டமாரானில் நான் செய்த தவறும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள பண்டமாரானுக்குப் போனேன். புதன் கோளைச் சுற்றி ஆராயப் போகும் விண்கலத்தைப் பற்றித் தமிழில் பேச வேண்டும் என்று அங்குள்ள குடியிருப்பாளர் சங்கத்தினர் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு வேலை பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில். விண்வெளி என்பது ஆர்வம் மட்டும்தான். படிப்பு வேறு.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டிலிருந்து நடந்தே சென்ட்ரல் நிலையம் போய், காலை 8.40க்குக் கொமுட்டர் என்னும் புறநகர் ரயில் பிடித்தேன். கிள்ளானுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகிறது. அங்கிருந்து பண்டமாரான் ஆறு கிலோமீட்டர், கைபேசி ஆப்பில் அழைத்த காருக்குப் பன்னிரண்டு ரிங்கிட்.

மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள், பாதிப் பேர் குடும்பத்தோடு. கலம் கிளம்பிப் பல ஆண்டுகள் ஆகியும் இன்னும் புதனைச் சுற்றத் தொடங்கவில்லை என்று சொன்னேன். ஏன் இவ்வளவு காலம் என்று யாரோ கேட்க, "ரொம்ப தூரம்" என்றேன். அது சரியான காரணமா என்று எனக்கே தெரியாது. படங்களை இணையத்திலிருந்து எடுத்து அடுக்கியிருந்தேன், அவ்வளவுதான்.

மூன்றாவது வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுபவர். பெயர் மாணிக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

"தம்பி, அது சூரியன் பக்கம்தானே போவுது? லோட் ஏத்துன லோரி இறக்கத்துல போற மாதிரி வேகம் கூடிக்கிட்டே போவும்ல. அங்க போயி நிக்கணும்னா பிரேக் புடிக்கணும். அதுக்குத்தான் இப்படி சுத்தி சுத்திப் போவுதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "அண்ணே, அங்க ரோடும் இல்ல, இறக்கமும் இல்ல. லோரிய வெளிய பார்க்கிங் பண்ணிட்டு வாங்க."

மண்டபமே சிரித்தது. அவர் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். பேச்சு முடிந்து மீ கோரெங் நூடுல்ஸ் பரிமாறியபோது இருவரும் அங்கே இல்லை.

திரும்பும் ரயிலில் இந்தக் கட்டுரைக்காகக் குறிப்பெடுக்க, அந்த விண்கலத் திட்டத்தின் இணையப் பக்கத்தைப் படித்தேன். சூரியனின் ஈர்ப்பு கலத்தை வேகமாக்கிவிடும். அந்த வேகத்தில் போனால் புதனைத் தாண்டிப் போய்விடும். அதனால் பூமியை ஒரு முறையும் வெள்ளிக் கோளை இரு முறையும் புதனையே ஆறு முறையும் நெருங்கிக் கடந்து, வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகிறது. அவர் சொன்னதேதான். காது சுட்டது. எதிரில் இருந்தவருக்குத் தெரிந்துவிடுமோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சங்கச் செயலாளரை அழைத்து, அந்த லோரி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், வீடு எங்கே என்று கேட்டேன். அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கப் போகிறது, விடுங்கள் லா என்றார், ஆனாலும் பெயரும் வீடும் சொன்னார். அடுத்த ஞாயிறு, அதே ரயிலில், மாணிக்கம் அண்ணன் வீட்டுக்கே போனேன். வாசலில் நின்றபடி, நீங்கள் சொன்னதுதான் சரி, மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"எனக்குத் தெரியும் தம்பி. அன்னிக்கே வீட்டுக்கு வந்து போன்ல பார்த்துட்டேன்." கோபமாகச் சொல்லவில்லை. "இங்க வாசல்ல சொல்றீங்க. சிரிச்சவங்க அங்க மண்டபத்துலதானே இருந்தாங்க."

சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, நேற்று போய், அவர் சொன்னதே சரி என்று எல்லோர் முன்னும் சொன்னேன். அந்த நாற்பது பேரில் வந்திருந்தது பதினான்கு பேர். மாணிக்கம் அண்ணனுக்கு வேலை. அவர் மனைவி கடைசி வரிசையில் இருந்தார். நான் முடித்ததும் எழுந்து போனார். அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்ததை நினைத்தாலும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பண்டமாரானுக்குப் போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை ரயில் நேரத்தை முதல் நாளே பாருங்கள், ஒன்றை விட்டால் வெகுநேரம் காத்திருக்க வேண்டும். மண்டபத்தில் மின்விசிறி மட்டும்தான், தண்ணீர் கொண்டுபோங்கள். பேசப் போகிறீர்கள் என்றால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள்.

மாணிக்கம் அண்ணனை விட்டால், அந்த நாற்பது பேரில் மீதி இருபத்தைந்து பேருக்கு என் திருத்தம் இன்னும் போய்ச் சேரவில்லை. அவர்களில் யாராவது இதைப் படித்தால், அன்று அவர் சரியாகச் சொன்னார். தெரியாமல் பேசியது நான்.