இரண்டு பேர் படித்த பள்ளிக்கூடம்

கரும்பலகைப் பெயிண்டின் நெடி இரண்டு நாளாகியும் வீட்டை விட்டுப் போகவில்லை. பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் நடு அறைச் சுவரில் அப்பாதான் அதைப் பூசினார். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தறி விடிந்ததிலிருந்து "தடக் தடக்" என்று இடித்துக்கொண்டே இருக்கும். தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், பிள்ளைகளைத் தேவபயத்தோடு வளர்க்கும் வேலையைப் பள்ளிக்கூடத்துக்குக் குத்தகைக்கு விடலாமா என்று கேட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். அப்பா அதையே பிடித்துக்கொண்டார். அந்த ஜூனில் என்னையும் தம்பி சாமுவேலையும் ஸ்கூலிலிருந்து நிறுத்தினார்கள். கணக்கு டீச்சராக இருந்த அம்மா எங்களுக்காக வேலையை விட்டாள். எனக்கு வயது பதினொன்று. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். காலை ஒன்பது மணிக்குக் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் வாசலுக்குப் போய், செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, டீச்சராக மறுபடி உள்ளே வருவாள். நாங்கள் எழுந்து நின்று "குட் மார்னிங் டீச்சர்" சொல்லவேண்டும். பிறகு ஜெபம், பிறகு அட்டெண்டன்ஸ். இரண்டே பேருக்கு ஒரு ரெஜிஸ்டர்! மாலை நாலு மணிவரை "அம்மா" என்று கூப்பிட்டால் பதில் வராது.

சாமுவேலுக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. எனக்குத்தான் உட்கார முடியவில்லை. ஸ்கூல் வேன் ஹாரன் கேட்டால் கால் தானாக ஆடும். தண்ணீர் குடிக்க, பென்சில் சீவ, பாத்ரூம் போக என்று பத்து தடவை எழுந்திருப்பேன். தண்ணீர்க் குழாயடியில் தள்ளுமுள்ளு இல்லாத, பக்கத்தில் உட்கார்ந்து கிசுகிசுக்க ஒருத்தியும் இல்லாத பள்ளிக்கூடம் என்ன பள்ளிக்கூடம்? போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டுத் தறிக்கார அக்கா என்னை வாசலில் பார்க்கும்போதெல்லாம், "இன்னாம்மா, இன்னிக்கும் லீவா?" என்பார். நான் உள்ளே ஓடிவிடுவேன்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. "புள்ளைங்க வாழ்க்கைய வச்சி வெளையாடிக்கினு இருக்கீங்க" என்று மாமா ஒருநாள் வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுதுவது, தேறினால் பத்தாவது வரை வீட்டிலேயே படிப்பது, தேறாவிட்டால் இரண்டு பேரும் ஸ்கூலுக்குத் திரும்புவது என்று மாமாவிடம் வாக்குக் கொடுத்தார். அம்மாவைப் பார்த்து, "நீ சொல்லிக்குடுத்து அவ பாஸ் பண்ணாம பூடுவாளா?" என்றார். அம்மா பெருமையாகச் சிரித்தாள். நான் அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டேன்.

தேர்வு மையத்தில் என் வயதுக்காரர்கள் குறைவு. டிரைவிங் லைசென்ஸுக்கு எட்டாவது பாஸ் வேண்டும் என்பதற்காக எழுத வந்த மீசைக்கார அண்ணன்கள்தான் அதிகம். கணக்குத் தேர்வன்று ஒவ்வொரு கணக்கையும் மனதுக்குள் சரியாகப் போட்டுப் பார்த்து, தாளில் தப்பாக எழுதினேன். "பாப்பா, கொஞ்சம் காட்டும்மா" என்று பக்கத்து அண்ணன் ஒருவர் கெஞ்சி, என் தாளைப் பார்த்து ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். பாவம், அவருக்கு லைசென்ஸ் எப்போது கிடைத்ததோ! வெளியே வந்தால், வெயிலில் அம்மா நின்றிருந்தாள். என்னை உள்ளே அனுப்பிய நேரத்திலிருந்து அங்கேதான் நின்றிருக்கிறாள். "எப்படிம்மா எழுதின?" என்றாள். "சூப்பரா எழுதினேம்மா" என்றேன்.

கணக்கில் மட்டும் ஃபெயில். அம்மா கேள்வித்தாளை மடியில் வைத்துக்கொண்டு, சமைக்காமல், ஒவ்வொரு கணக்காகப் போட்டுப் பார்த்தாள். "எங்க வுட்டேன்னே தெரியலியே" என்றாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை; அதுதான் அவளுக்கு வலித்திருக்கும். ஜூனில் ஸ்கூல் கேட்டருகே சாமுவேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினேன். அந்த வாரமே அம்மா நடு அறைச் சுவருக்கு வெள்ளையடித்தாள். மூன்று தடவை அடித்த பிறகுதான் கறுப்பு மறைந்தது. அதற்குப் பிறகு அவள் யாருக்கும் பாடம் சொல்லித்தரவில்லை. டியூஷன் கேட்டு வந்தவர்களையும் திருப்பி அனுப்பினாள்.

அந்த வீடு இப்போது இல்லை. இடித்து மாடி வீடாக்கிவிட்டார்கள். அம்மா என்னோடு இருக்கிறாள். போன மாதம் என் மகள் அல்ஜீப்ரா நோட்டை அவளிடம் நீட்டினாள். "என்கிட்ட வராதம்மா. உங்கம்மாவையே ஃபெயிலாக்கினவ நான்" என்று அம்மா சாதாரணமாகச் சொன்னாள். இத்தனை வருஷம் விழுங்கியதை என்னால் அதற்குமேல் விழுங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா நோட்டை வாங்கி மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். பிறகு, "அப்போ அந்தக் கணக்கெல்லாம் உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்மா. எல்லாமே தெரியும்."

"அப்போ நான் நல்லாத்தான் சொல்லிக்குடுத்துக்கினு இருந்திருக்கேன்" என்றாள். நோட்டை மூடி என் மகளிடமே கொடுத்துவிட்டு எழுந்து உள்ளே போனவள், இன்றுவரை என்னோடு சரியாகப் பேசவில்லை.