வாகை மரத்தில 114ஆம் தகடு

பிரதேச சபைக்குக் கெஷுவலா, நாட்கூலிக்கு, வந்திருக்கிற தம்பிமாரே, இது உங்களுக்குத்தான். எட்டாம் ஆண்டோட பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டுட்டுது. பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்க.

முதல் நாள்

சுனாமி வந்து மூணாம் கிழமை. ஊரெல்லாம் அழுதுகொண்டு நிக்க எனக்கு மட்டும் வேலை கிடைச்சது. பெக்டரிப் பார்க்கைத் துப்பரவாக்கிற வேலை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில கிடக்கிற பார்க். ஒருகாலத்தில அங்க ஓட்டு பெக்டரி இருந்தது. லைன் வீடுகளில இருந்த சனத்துக்காகக் கட்டின பார்க் அது. பெக்டரியைச் சண்டை மூடிச்சு, லைனைக் கடல் கழுவிச்சு. மிஞ்சினது பார்க்கும் ஒரு பெரிய வாகை மரமும்.

எங்கட டெக்னிக்கல் ஒபிசர், டீஓ சேர், மூக்கில லேஞ்சியைப் பிடிச்சுக்கொண்டு சொன்னார்: "லிஸ்ட்டில இருக்கிறதெல்லாத்தையும் அள்ளு."

"சேர், சீசோவுக்கு மேல ஒரு வள்ளம் கிடக்கு."

"லிஸ்ட்டில இருக்கா?"

"இல்ல சேர்."

"அப்ப விடு."

வள்ளம் நாலு மாசம் அங்கயே கிடந்தது. மறுகா ஒவ்வொரு நிறுவனமா வந்து ஆளுக்கொரு போர்டு நட்டுட்டுப் போச்சு. கடைசியில பார்க்கில பிள்ளையளை விடப் போர்டு கூட.

தகடு

அந்த மரத்தைச் சுத்திப் பித்தளைத் தகடு அடிச்சுக் கிடக்கும். பெக்டரிக்குள்ள போகக்குள்ள ஆளுக்கொரு நம்பர்த் தகட்டை டைம் ஒபிசில குடுத்து, வெளிய வரக்குள்ள திருப்பி வாங்கிறதாம். பெக்டரி மூடின அண்டைக்கு டைம் ஒபிசில வாங்கி வைக்க ஆளில்ல. வேலையாக்கள் எல்லாரும் பார்க்குக்கு வந்து, அவனவன் தகட்டை மரத்தில ஆணி வெச்சு அடிச்சுட்டு வீட்ட போயிட்டானுகள்.

அதில 114, லைனில இருந்த பொன்னம்மாக்காட மனிசன்ர. சூளைக்கு நெருப்புப் போட்டவர். அவரைக் கடல் கொண்டு போனது. உடம்பும் கிடைக்கல, வீட்டோட போட்டோவும் போச்சு. அவர் இருந்தார் எண்டதுக்கு அந்தத் தகடு ஒண்டுதான் மிச்சம். வெள்ளிக்கிழமையில பழப்புளி கொண்டு வந்து மினுக்குவா.

நான் சும்மா இருப்பனா? "அக்கா, மத்தத் தகடுகளையும் மினுக்கி விடுங்களன். சபையில சொல்லி உங்களையும் கெஷுவலாப் போடுறன்."

"உன்னைப் போட்டதுக்கே சபை நாறுது. அங்கால போ மனே."

செயின்சோ வந்த நாள்

சண்டை முடிஞ்சது. ஒடன எல்லாத்தையும் அழகாக்க வெளிக்கிட்டானுகள். பார்க்குக்கும் பிளான் வந்தது. கொழும்பில கீறினது. மரம் நிக்கிற இடத்தில நீரூற்று. திறக்கிறதுக்குப் பெரிய ஆள் வாறார்.

டீஓ என்னைக் கூப்பிட்டார். "மரம் விழுந்தா உன்னை நிரந்தரமாக்குறன்."

அஞ்சு வருசமா அந்தப் பார்க்கில கெஷுவல் வாச்சர் நான். ஓமெண்டுட்டன். ஏறாவூரில இருந்து மரம் அரியிற சலீம் நானாவை நான்தான் கூட்டி வந்தன். மரத்தை அரிஞ்சு அவர் மரக்காலைக்குக் கொண்டு போய் விக்கிறது, சபை ஒண்டும் குடுக்கத் தேவையில்ல எண்டு பேச்சு.

அண்டைக்குப் பாத்து வெள்ளிக்கிழமை. பொன்னம்மாக்கா செயின்சோவைக் கண்டா. அழுவா எண்டு பாத்தன், அழல. "குறடு இருக்கா?" எண்டு கேட்டா. குடுத்தன். ஆணியைப் பிடிச்சு இழுத்தா. மரம் வளந்து தகட்டைப் பாதி விழுங்கி இருந்தது. நானும் இழுத்துப் பாத்தன். தகடு வளைஞ்சுதே தவிர வரல.

"விடு மனே, முறிஞ்சிரும்" எண்டு சொல்லிப்போட்டுக் குறட்டைத் திருப்பித் தந்தா. என்னை ஏசியிருந்தாலும் பரவாயில்ல.

சலீம் நானா தூரத்தில நிண்டு கேட்டார்: "தம்பி, மரத்தில சன்னம், ஷெல் துண்டு ஏதும் கிடக்கா?"

எங்கட பகுதியில மரம் அரியிறவன் முதல்ல கேக்கிறது இதைத்தான். ஆணியைக் கண்ணால பாக்கலாம், விலத்தி அரியலாம். ஷெல் துண்டு உள்ள கிடந்தா வாள் பட்டாத்தான் தெரியும், செயின் பல்லுப் போயிரும். அந்த மரத்தை எந்த மரக்காலையும் எடாது. வாச்சர் சொல்றதுதான் அத்தாட்சி.

அந்தப் பார்க்கில ஒரு ஷெல்லும் விழுந்ததில்ல.

"கிடக்கு நானா" எண்டன்.

அவர் என்னைப் பாத்தார், அக்காவைப் பாத்தார். "எத்தினை விழுந்தது?"

"எண்ணல நானா."

"வாச்சராம், எண்ணவும் தெரியாது." செயின்சோவைத் தூக்கி லேண்ட்மாஸ்டர் ட்ரெக்டரில வெச்சார்.

டீஓ ஓடி வந்தார். "எப்படா இஞ்ச ஷெல் விழுந்தது?"

"நீங்க கொழும்புக்கு ட்ரெய்னிங் போயிருந்த நேரம் சேர்."

இஞ்ச வெடிச் சத்தம் கேட்ட நேரமெல்லாம் சேருக்குக் கொழும்பில ட்ரெய்னிங்தான்.

சலீம் நானா கேட்டார்: "செயின் உடைஞ்சா சபை புதுசு வாங்கித் தருமா சேர்?" அதுக்கு வோட் இல்லையாம், காசு ஒதுக்கலையாம்.

திறப்பு விழா

நீரூற்றை மூலையில கட்டினானுகள். இண்டைவரைக்கும் அதில தண்ணி வரல. விழாவண்டு வெயில் எரிச்சது. பெரிய ஆள் கதிரையைத் தூக்கிக்கொண்டு வாகைக்குக் கீழ வந்து குந்தினார். "நல்ல நிழல். இந்த மரத்தை வெட்டாம விட்டது ஆர்?"

"நான்தான் சேர்" எண்டார் டீஓ. சனம் கை தட்டிச்சு. நானும் தட்டினன். என்ர நிரந்தரம் அந்தத் தட்டலோட போச்சு.

அடுத்த கிழமை ஒரு போர்டு வந்தது: "ஷெல் காயம் தாங்கி நிற்கும் மரம்." என்ர பொய்யை நல்ல எழுத்தில எழுதியிருந்தானுகள். டீஓ மரத்தில கோடு கீறிக் காட்டினார், சரியா 114ஐ மூடுற இடத்தில. "இதில அடி." சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார்.

தம்பிமாரே, நான் படிச்சது இவ்வளவுதான். போர்டு எழுதுறது அவனுகள், அடிக்கச் சொல்றதும் அவனுகள். ஆனா சுத்தியல் நம்மட கையில. நான் ரெண்டு முழம் மேல அடிச்சன்.

இப்ப வெளியூரில இருந்து வாறவனெல்லாம் ஷெல் காயம் எங்க எண்டு என்னட்டக் கேக்கிறான். பொன்னம்மாக்கா பழப்புளியோட நிண்டாவெண்டா அவவே பதில் சொல்லிருவா: "கெஷுவலுக்குத் தெரியாது மனே. டீஓவைக் கேள்."