மக்பூல் மாமு எதற்கும் குனியமாட்டார்

ஆம்பூரில் என் தாய்மாமா மக்பூல் அகமதுவுக்கு இரண்டு விஷயத்தில் பெயர் உண்டு. ஒரு தோலை மேஜையில் விரித்தால், மூன்று எண்ணுவதற்குள் அது எந்தத் தரம் என்று சொல்லிவிடுவார். அது ஒன்று. த்ரீடி படத்தில் ராட்சச உடும்பு நாக்கை நீட்டியபோது கொட்டகையிலேயே குனியாமல் உட்கார்ந்திருந்த ஒரே மனிதர். அது இன்னொன்று. முதலாவது உண்மை. இரண்டாவதும் உண்மைதான், ஆனால் காரணம் ஊர் நினைக்கிற மாதிரி இல்லை. எழுதட்டுமா என்று மாமுவையே கேட்டேன். "எழுது. வயச மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணிப் போடு" என்றார். ஆகவே மாமுவுக்கு நாற்பது வயது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் 'பேருடும்பு' என்ற வெளிநாட்டுப் படம் தமிழ் பேசிக்கொண்டு வந்தது. கடலுக்கடியில் தூங்கிக்கொண்டிருந்த உடும்பு ஒன்று எழுந்து வந்து ஊர் ஊராக மிதிக்கும் கதை. மாமு வேலை செய்யும் தோல் கம்பெனியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வேலூருக்குப் போய்ப் பார்த்தார்கள். உடும்பின் நாக்கு திரையைத் தாண்டி வெளியே வந்த இடத்தில் கொட்டகையே குனிந்ததாம். மாமுவோடு ஒரே மேஜையில் தரம் பிரிக்கும் பரந்தாமன் அண்ணன் சீட்டுக்கு அடியிலேயே போய்விட்டார். எட்டிப் பார்த்தால், மாமு மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

அன்றிலிருந்து பரந்தாமன் அண்ணனுக்கு இதே வேலை. டீக்கடையில் புதிதாக யார் வந்தாலும் பிடித்து உட்காரவைத்து, "நாக்கு இவரு மூக்கத் தொட்டுட்டுப் போச்சு. பாய் கண்ண கூட சிமிட்டல. பயம்னா இன்னான்னே தெரியாத மனுசன்!" என்பார். நானே நூறு தடவை கேட்டிருப்பேன். தடவைக்குத் தடவை நாக்கு நீண்டுகொண்டே போனது.

உண்மை எனக்கு ஒரு பிளாஸ்டிக் பல்லியால் தெரிந்தது. அப்போது எனக்குப் பதினான்கு வயது. பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொள்வது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்த காலம், கையில் நிறைய நேரம் இருந்தது. மாமு சாப்பிட உட்கார்ந்தபோது பின்னாலிருந்து போய் இடது தோளில் பல்லியை வைத்தேன். முழங்கை நீளப் பல்லி, வாய் பிளந்து சிவப்பாக இருக்கும். மாமு சோறு பிசைந்தார், ரசம் ஊற்றினார், அப்பளம் கேட்டார். பல்லி தோளிலேயே இருந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு அடங்கிவிட்டது. மெதுவாக அவருடைய இடது கண்ணுக்குப் பக்கத்தில் கையை ஆட்டிப் பார்த்தேன். இமை அசையவில்லை.

"மாமு, இந்தக் கண்ணு தெரியலயா உங்களுக்கு?"

மாமு சோற்றுக் கையோடு அப்படியே இருந்தார். "கத்தாத அலீனா. முமானிக்குத் தெரியாது" என்றார். முமானி என்றால் மாமுவின் மனைவி, பில்கிஸ் முமானி. அடுப்படியில்தான் இருந்தார்.

தோலை இழுத்துக் காயவைக்கிற சட்டத்தில் இரும்பு கிளிப் மாட்டுவார்கள். முதல் உடும்பு படம் வருவதற்குச் சில வருஷம் முன்னால் அதில் ஒன்று விடுபட்டு வந்து மாமுவின் கண்ணோரம் அடித்திருக்கிறது. அன்றைக்கு வலித்தது, மறுநாள் சரியாகிவிட்டது. ஒரு வருஷம் கழித்து உள்ளே புரை விழுந்து, இடது கண்ணில் பால் ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது. கண்ணை வைத்துச் சாப்பிடுகிற வேலை. ஒரு கண்தான் என்று தெரிந்தால் மேஜையிலிருந்து எழுப்பிவிடுவார்கள் என்று மாமு மூச்சு விடவில்லை. வருஷா வருஷம் கம்பெனியில் கண் பரிசோதனை நடக்கும். எழுத்து அட்டையை முதலிலேயே வலது கண்ணால் படித்து மனப்பாடம் செய்துகொள்வார். இடது கண் முறை வரும்போது ஒப்பிப்பார். எனக்கு நாலு வரி மனப்பாடப் பாட்டு நிற்காது. மாமுவுக்கு அந்த அட்டை தலைகீழாகவும் வரும்.

வேலையில் சமாளிக்க ஒரு வழி வைத்திருந்தார். தலையை இடது தோள் பக்கம் நன்றாகச் சாய்த்து, நல்ல கண்ணை மேலே கொண்டுவந்து, ஜன்னல் வெளிச்சத்தில் தோலைப் பார்ப்பார். மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாததால் கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடிப்பார். இதில் வேடிக்கை என்னவென்றால், வேலை கற்றுக்கொள்ள வந்த நவநீதனும் ஹஸனும் தலையைச் சாய்ப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார்கள். மூன்று பேரும் கழுத்து சுளுக்கினவர்கள் மாதிரி வரிசையாக நின்று தரம் பிரிப்பார்கள்.

போன வருஷம் ஒரு தவறு நடந்தது. இரண்டு தோலில் இருந்த சின்னச் சின்னக் குழிகள் விரலுக்கும் தப்பிவிட்டன. வாங்கினவர்களிடமிருந்து திரும்பி வந்தன. மேனேஜர் எல்லார் முன்னாலும் பரந்தாமன் அண்ணனைப் பார்த்துக் கத்தினார். அண்ணனும் தான் பிரித்த அடுக்கு என்றே நினைத்துத் தலை குனிந்து நின்றார். அந்த இரண்டு தோலும் மாமு பிரித்தவை. அன்றைக்கு மாமு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. "இன்னொருத்தன் திட்டு வாங்கறத பாத்துக்கினு நின்னேன்" என்று என்னிடம் மட்டும் சொன்னார். அதற்குமேல் என்னால் ரகசியம் காக்க முடியவில்லை. முமானியிடம் போட்டுக்கொடுத்தேன். முமானி ஒரு வாரம் திட்டினார், எட்டாம் நாள் மாமுவை வேலூருக்கு இழுத்துப்போய் ஆபரேஷன் செய்ய வைத்தார். கம்பெனிக்கு, ஹைதராபாத்தில் சொந்தத்தில் கல்யாணம், ஒரு மாசம் ஆகும் என்று செய்தி போயிற்று.

டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "லென்ஸ் நல்லா உக்காந்திருக்கு. ஆனா இந்தக் கண்ணு ரொம்ப வருஷம் சும்மா இருந்துச்சு. ரெண்டும் சேந்து பாக்குதான்னு போகப் போகத்தான் தெரியும்" என்றார். அட்டையைப் படிக்கச் சொன்னார். மாமு படித்தார். படித்தது கண்ணா மனப்பாடமா என்று அவருக்கே தெரியவில்லை.

அந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமைதான் 'பேருடும்பு 2' வந்தது. மாமுவின் லீவு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது.

"நாக்கு இந்தப் படத்துலயும் வருதா?" என்றார்.

"வராம? அதுக்குத்தான் படமே."

"ரெண்டு கண்ணும் சேந்து பாத்தாதான் அது வெளிய வரும். என் மேல வந்தா, திங்கக்கிழமை மேஜைக்குப் போறேன். வரலன்னா மேனேஜர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு கோடவுனுக்கு மாத்தச் சொல்லிக் கேக்கறேன். இன்னொரு தடவை பரந்தாமன் திட்டு வாங்கக்கூடாது."

சொல்லிவிட்டால் அந்த மனிதர் மாறமாட்டார். கண் தெரிகிறதா என்று கண்டுபிடிக்க உலகத்தில் எத்தனையோ வழி இருக்கும். மாமு உடும்பை நம்பினார்.

ஞாயிறு பகல் காட்சிக்கு வேலூருக்கு நாங்கள் இருவர் மட்டும் என்று கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டில் பரந்தாமன் அண்ணன் நின்றார், நவநீதனையும் ஹஸனையும் கூட்டிக்கொண்டு. "ஹைதராபாத்லருந்து எப்ப வந்த பாய்? வா வா, நீ இல்லாம உடும்பா? பசங்களா, இன்னிக்குப் பாருங்கடா, நாக்கு வரும்போது படத்தப் பாக்காதீங்க, பாயப் பாருங்க." மாமுவின் முகத்தில் ஈயாடவில்லை.

பஸ்ஸில் நான் கதையைச் சொல்லிவிட்டேன். படம் பார்க்காமலே சொல்லலாம். கண்ணாடி போட்ட விஞ்ஞானி முதல் அரைமணியில் செத்துப்போவார். கோட்டு போட்டவன் முட்டையைத் திருடுவான். ஒரு சின்னப் பெண் குட்டி உடும்போடு சிநேகமாவாள். நாய் மட்டும் சாகாது. கடைசியில் தாய் உடும்பு நம் பக்கம் வந்துவிடும்.

"எதுக்கு பாப்பா இப்படிப் பேஜார் பண்ற?" என்று அண்ணன் கோபித்துக்கொண்டார்.

மாமு சிரித்தார். "சொல்லட்டும். நிக்காஹ்க்குப் போறோம், கதை தெரியாமயா போறோம்? மாப்ள வருவாரு, கபூல்னு சொல்லுவாரு, சாப்பாடு போடுவாங்க. தெரியும்னு போகாம இருக்கமா?"

எனக்கும் உள்ளுக்குள் ஒரு திட்டம் இருந்தது. முமானி துணி தேய்க்கும்போது தண்ணீர் அடிக்கிற பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். நாக்கு வரும்போது மாமுவின் பிடரியில் தண்ணீரை ஒரு பீச்சு பீச்சினால் தன்னால் குனிந்துவிடுவார். தனக்குக் கண் சேர்ந்துவிட்டது என்று சந்தோஷமாக வீட்டுக்கு வருவார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். பொய்யாகக் குனிந்துவிட்டு, திங்கட்கிழமை மேஜையில் எதை வைத்துப் பார்ப்பார்? பாட்டிலைக் காலுக்கடியில் தள்ளிவிட்டேன்.

நான் சொன்னபடியே விஞ்ஞானி இருபத்தைந்தாவது நிமிஷத்தில் செத்தார். கப்பல் உடைந்து பலகைகள் எங்கள் மேல் பறந்து வந்தன. எல்லாரும் அலறினார்கள். மாமு அலறவில்லை. கோட்டுக்காரன் முட்டையைத் திருடினான். ஹெலிகாப்டர் இறக்கை முகத்தை உரசிப் போனது. மாமு அசையவில்லை. பரந்தாமன் அண்ணன் பெருமையோடு பையன்களை இடித்துக் காட்டினார். இடைவேளை விளக்கு போட்டதும் மாமு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"ஒண்ணும் வரல அலீனா. தட்டையாத்தான் இருக்கு. கலங்கலா வேற இருக்கு."

மாமு அந்தப் பக்கம் திரும்பி, "பரந்தாமா, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றார்.

அதே சமயம் நவநீதன், "அண்ணா, எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. கண்ணாடி சரியில்லபோல, மாத்திக்கினு வரேன்" என்றான். "எனக்கும்தான்" என்றான் ஹஸன்.

அண்ணன் அவர்களைப் பார்த்தார். "எப்படிடா தெரியும்? ரெண்டு பேரும் தலைய தோள்ல சாய்ச்சுக்கினு பாத்தா? நேரா உக்காருங்கடா! இது இன்னா ஆட்டுத் தோலா?"

"பாய் அப்படித்தானே பாக்கறாரு" என்றான் ஹஸன்.

நான் மாமுவைப் பார்த்தேன். பேசும்போதுகூடத் தலை இடது தோளில் சாய்ந்துதான் இருந்தது. பத்து வருஷப் பழக்கம். கண்ணைச் சரிசெய்த டாக்டர் கழுத்தைப் பார்க்கவில்லை. நாங்களும் பார்க்கவில்லை.

"மாமு, அந்த விஷயத்த படம் முடிஞ்சு சொல்லுங்க" என்று கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டினேன். முடி வெட்டுகிறவர் மாதிரி இரண்டு கையாலும் தலையைப் பிடித்து நிமிர்த்தினேன்.

"அரே, இன்னா பண்ற?"

"அசையாதீங்க. கழுத்து இந்தப் பக்கம் போச்சுன்னா கிள்ளுவேன்."

விளக்கு அணைந்தது. இரண்டு தடவை கழுத்து சாய்ந்தது, இரண்டு தடவையும் கிள்ளினேன். சின்னப் பெண் குட்டி உடும்புக்கு மீன் கொடுத்தாள். மாமு 'ஸ்ஸ்' என்றார். நான் கிள்ளவில்லை. மெதுவாக ஒரு கையை முன்னால் நீட்டினார், இருட்டில் ஏதோ தட்டுப்படுமா என்று பார்ப்பவர் மாதிரி. அப்போது பின்னாலிருந்த மலை பிளந்து தாய் உடும்பு தலையைத் தூக்கியது. வாய் திறந்தது. நாக்கு வந்தது.

"யா அல்லா!"

மாமுவைக் காணோம். சீட்டுக்கு அடியில் இருந்தார். நான் தள்ளிவிட்ட பாட்டிலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்போல, லுங்கி நனைந்துவிட்டது. அங்கிருந்தபடியே சிரித்தார். சிரிப்பில் ஒரு விம்மலும் இருந்தது. நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

பரந்தாமன் அண்ணன் இந்தத் தடவை குனியவே இல்லை. திரையைப் பார்க்காமல் மாமுவின் காலி சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாய் குனிஞ்சிட்டாரு" என்றார், யாரோ செத்த செய்தி சொல்கிற குரலில்.

அதற்குப் பிறகு மாமு பார்த்த பார்வை இருக்கிறதே! நாய் பிழைத்ததற்குக் கைதட்டினார். தாய் உடும்பு நம் பக்கம் வந்தபோது, ஏதோ நினைக்காதது நடந்த மாதிரி என் தோளில் அடித்தார். உடும்பு பக்கத்தில் வரும்போதெல்லாம் கட்டைவிரல் காற்றில் தடவியது.

"கழுத்துல பாரு, உண்ணி கடிச்ச தழும்பு. வயிறு தொளதொளன்னு இருக்கு, தேறாது. முதுகு மட்டும் ஃபர்ஸ்ட். எவ்ளோ பெரிய முதுகு அலீனா! மேடு பள்ளம் எல்லாம் தெரியுது. தொடாமயே தெரியுது."

முன் சீட்டுக்காரர் திரும்பி, "பாய், படத்த பாக்க விடுங்க" என்றார்.

வெளியே வந்து, பஸ் வரும் வரைக்கும் மாமு பரந்தாமன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னார். கிளிப், பால் ஊற்றிய கண், அட்டை, அந்த இரண்டு தோல், இல்லாத ஹைதராபாத் கல்யாணம். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப அந்த ரெண்டு தோலு என்னுது இல்லயா?"

"இல்ல. நாளைக்கு மேனேஜர்கிட்ட நானே சொல்றேன்."

"அது கெடக்கட்டும் பாய்." பிறகு குரல் உடைந்துபோய், "எட்டு வருஷமா நான் ஊரெல்லாம் சொன்னேனே, அந்த நாக்கு?" என்றார்.

"எனக்குத் தெரியவே இல்ல பரந்தாமா. தெரிஞ்சிருந்தா உனக்கு முன்னாடி நான் குனிஞ்சிருப்பேன்."

அண்ணன் பஸ்ஸில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார். பள்ளிகொண்டா தாண்டியதும் பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒருவரிடம் அவர் குரல் கேட்டது.

"உடும்பு படம் பாத்தியாப்பா? பாத்துடு. அதோ உக்காந்திருக்காரே, எங்க பாய், பயம்னா இன்னான்னே தெரியாத மனுசன். அவரே குனிஞ்சிட்டாருன்னா நாக்கு எப்படி இருக்கும்னு பாத்துக்க!"

மாமு ஜன்னலோரம் தலையை நேராக வைத்துக்கொண்டு, எதிரே வருகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு லாரிக்கும் லேசாகக் குனிந்தார்.