பெத்லகேமில் கடல்

கிறிஸ்து பெத்லகேமில் பிறந்தார் என்பதை எங்கள் மாமா ஒருபோதும் மறுத்ததில்லை. எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையிலும் பிறந்தார் என்பதை மட்டும் அவர் சேர்த்துக்கொண்டார்.

அந்த நத்தாருக்குப் பாலன் குடிலின் பின்னால் தொங்கவிடும் துணியில் படம் கீறும் வேலையைச் சுவாமியார் அவரிடம் கொடுத்திருந்தார். துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த மாமா எங்கள் ஓட்டுக் கூரைகளைக் கீறினார். அவற்றுக்கு அப்பால் துறைமுகம்: பாரந்தூக்கிகள், வெளிச்சவீடு, விளக்கேற்றிய கப்பல்கள். மிக உயர்ந்த பாரந்தூக்கியின் நுனியில் நட்சத்திரம். துணி கோயிலில் தொங்கியதும் ஒழுங்கையே திரண்டு வந்து தன் தன் வீட்டைத் தேடியது. எங்கள் யன்னலில் அம்மாவின் பச்சைத் திரைச்சீலைகூட இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றால் கப்பல்கள் மெல்ல ஆடும்; செபம் முடிந்ததே தெரியாது. கடவுள் மனுவுருவானார் என்றால் இதுதான் என்று சுவாமியார் பிரசங்கம் வைத்தார்.

எதற்கு எவரிடம் அனுமதி பெறவேண்டும் என்பதை நான் பிற்காலத்தில் அரசாங்க உத்தியோகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றேன். அது யுத்த காலம்: துறைமுகத்தைப் படம் பிடிக்கக்கூடாது, கீறவும் கூடாது. முன்னால் மீட்பர் படுத்திருந்தால் விலக்கு உண்டா என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை.

நத்தாருக்கு முந்திய கிழமை பொலிஸ் சார்ஜன் ஒருவர் வந்தார். சிங்களவர், ஆனால் எங்கள் வேதம். தொப்பியைக் கழற்றி முழந்தாளிட்டார். எழுந்து துணியை நெடுநேரம் பார்த்தார்.

“வடிவா இருக்கு சுவாமி. ஆனா இது ஹாபர் நேத, துறைமுகம்தானே? நாளைக்கு எங்கட ஸ்டேசன் பெரிய மாத்தயா செக்கிங் வாறார். தமிழ் ஆள் ஹாபர் கீறினது எண்டா, புடிச்சிட்டுப் போவாங்க.”

அவர் போனதும் சுவாமியாருக்குப் புவியியல் நினைவு வந்தது; மாமாவைக் கூப்பிட்டார்.

“பெத்லகேமில கடலே இல்லை, மகன்.”

“போன ஞாயிறு இருந்தது, சுவாமி.”

“பகிடி விடாதை. இண்டைக்கே அழி.”

அம்மா அழுதுகொண்டே தன் தம்பியான மாமாவை ஏசினார். “உனக்கொரு மாட்டுக்கொட்டில் கீறத் தெரியாதோ? கொண்டுபோனா உன்னை நான் எந்த ஆமிக் காம்பில போய்த் தேடுறது?”

மாமா வெள்ளையும் நீலமும் கரைத்து, துறைமுகத்தின் மேல் மெல்ல மெல்ல மூடுபனியை இறக்கினார். கப்பல்கள் ஒவ்வொன்றாகப் போயின. நட்சத்திரம் மட்டும் எதிலும் பிடிப்பில்லாமல் தொங்கியது. எனக்கு அது முன்னதைவிட அழகாகப் பட்டது. அவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் தூரிகையைக் கழுவினார்.

பெரிய மாத்தயா வந்தார், பார்த்தார், போனார்.

நத்தார் காலைப் பூசை முடிந்தபின் அந்தச் சார்ஜன் தன் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு குடிலின் முன் நின்றார். மூடுபனியை விரலால் காட்டி, “அன்ன புத்தே, நெவ” என்றார். அந்தா மகனே, கப்பல் என்று அதற்கு அர்த்தம் என்பது எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அங்கே கப்பல் இல்லை என்பதும் எனக்குத் தெரிந்தது.

ஓடிப்போய் மாமாவிடம், பொலிஸ்காரர் கோயிலுக்குள் நின்று பிள்ளைக்குப் பொய் சொல்கிறார் என்று முறையிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

“எந்த இடத்தைக் காட்டினவர்?”

காட்டினேன்.

“இன்னொருக்காக் காட்டு.”

காட்டினேன்.

“ஓம், அதிலதான் நிண்டது” என்றார் மாமா.

பொய்யைக் கண்டுபிடித்தது நான். அவர் ஏன் போய் அந்தப் பொலிஸ்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பது எனக்கு விளங்கவேயில்லை.